ஃப்ராகா: சத்தம் போடும் சம்பங்கி

போன மாதம் ஒரு சிநேகிதி மூலம் ஐந்து மில்லி சாம்பிள் குப்பி ஒன்று கைக்கு வந்தது. ரொபேர் பிகே நிறுவனத்தின் 'ஃப்ராகா'. வெள்ளைப்பூ வாசனைகளைப் பற்றி எழுதுகிற யாரும் இதைத் தொடாமல் போவதில்லை. கூடவே ஒரு வசனமும் தவறாமல் வரும்: இதைப் போடுகிற பெண் துணிச்சலானவள், மயக்குகிறவள், அடக்கமில்லாதவள். பத்து நாள் போட்டுப் பார்த்தேன். வாசனை பிடித்துவிட்டது. அந்த வசனம்தான் உறுத்திக்கொண்டே இருக்கு. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பின்னணி. ஃப்ராகா 1948இல் பாரிஸில் வெளியானது. பிகே ஆடை வடிவமைப்பாளர்; கிறிஸ்டியன் டியோர் தனிக்கடை போடுவதற்கு முன் அவரிடம் வேலை பார்த்தவர். வாசனையைச் செய்தவர் ஜெர்மேன் செலியே. வேதியியல் படித்த பெண். பெரும்பாலும் ஆண்களே செய்துகொண்டிருந்த தொழிலில் நுழைந்து பெயர் வாங்கினார். 'ஃப்ராகா' என்றால் பிரெஞ்சில் பெரும் சத்தம், தடாலென்று ஏதோ விழுந்து நொறுங்குகிற ஓசை. பொருத்தமான பெயர்தான்.

இந்தச் சத்தத்தைப் போடுவது நம்ம ஊர் சம்பங்கி. நிலச்சம்பங்கி என்றும் சொல்வோம். தாயகம் மெக்சிகோ. ஐரோப்பாவுக்கும் நமக்கும் அங்கிருந்து வந்த பூ. பறித்த பிறகும் மணிக்கணக்கில் வாசனையை உற்பத்தி பண்ணிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பிரான்ஸின் கிராஸ் ஊரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூக்களைப் பரப்பி, வாசனையைக் கொழுப்பு உறிஞ்சும்வரை விட்டுவைப்பார்கள். இப்போது கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். அதற்கான பூ தென்னிந்தியாவிலிருந்தும் போகிறது. சத்தியமங்கலம் பக்கம் சம்பங்கி விலை விழுந்தால் மூட்டை மூட்டையாகச் சென்ட் ஃபேக்டரிக்குப் போவதை எல்லாரும் பார்த்திருப்போம்.

இனி வாசனை. நான் போட்டது இப்போது கடையில் கிடைக்கிற வடிவம். 1948இல் இருந்தது இதேதானா என்று கேட்காதீர்கள். அடித்தவுடன் ஆரஞ்சுப் பூவின் இனிப்பு முகத்தில் வந்து மோதுகிறது. கொஞ்சம் அதிகம்தான். பபிள்கம் மாதிரி ஒரு இளிப்பு. பத்து நிமிஷம் பொறுத்தால் சம்பங்கி வெண்ணெய் தடவியது போல விரிகிறது. மல்லிகையும் கூட இருக்கு, ஆனால் தலையெடுக்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தில்தான் இதன் அருமை தெரிகிறது: இனிப்பு வடிந்து, மரமும் கஸ்தூரியும் கலந்த ஒரு சூடு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. குறை என்று சொன்னால் அளவுதான். ஒரு சொட்டு போதும். மூன்று சொட்டு போட்டால் லிஃப்டில் கூட வருகிறவர்கள் பாவம்.

வெள்ளைப் பூக்களுக்கு இந்த ஆழம் எங்கிருந்து வருது? பெரும்பாலும் இரவில் வரும் அந்துப்பூச்சிகளை அழைக்கிற பூக்கள் இவை. இருட்டில் நிறத்தால் பயன் குறைவு, வாசனைதான் விளம்பரம். மல்லிகையிலும் சம்பங்கியிலும் இண்டோல் என்ற பொருள் உண்டு. அடர்த்தியாக இருந்தால் அந்துருண்டை வாசனை. மலத்திலும் இதே இண்டோல் இருக்கு. மிகக் குறைந்த அளவில் பூவுக்கு உயிர் கொடுப்பதும் அதுதான். சம்பங்கியில் மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு, வலித் தைலத்தின் அதே நெடி. இந்தக் கலவையைத்தான் ஐரோப்பியர்கள் 'ஆபத்தான பூ' என்று பேசினார்கள். பூவிலிருந்து அந்தப் பட்டம் வாசனைக்கும், வாசனையிலிருந்து அதைப் போடுகிற பெண்ணுக்கும் இறங்கிவிட்டது.

இங்கேதான் எனக்குச் சிக்கல். செலியே 1944இல் இதே பிகேவுக்கு 'பாண்டி' செய்தார்: தோல், புகை, கசப்பு. 1947இல் பால்மேனுக்கு 'வான் வேர்': பச்சைத் தழையைக் கசக்கிய வாசனை. பிறகு ஃப்ராகா. நான்கே வருஷத்தில் ஒரே பெண்ணிடமிருந்து மூன்று. வாசனை ஆளைக் காட்டும் என்றால், செய்தவர் இதில் எந்த ஆள்?

ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னு தேடினேன். 2012இல் செக் ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒருவர் தானே தேர்ந்த வாசனையோடு கலந்த அவருடைய உடல் வாசனை, ஆய்வாளர்கள் கொடுத்த வாசனையோடு கலந்ததைவிட இனிமையாக மதிப்பிடப்பட்டது. அதாவது நம் தேர்வு நம் தோலோடு சம்பந்தப்பட்டது. குணத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2002இல், ஸ்செஸ்னி, ஷ்டால்பெர்க் என்ற இருவர் வேலைத் தேர்வை வைத்து ஆராய்ந்தார்கள். 'ஆண் வாசனை' போட்டவரைத் தலைமைப் பொறுப்புக்கு எடுக்கலாம் என்று சொன்னவர்களின் உறுதி, 'பெண் வாசனை' போட்டவர் விஷயத்தில் குறைந்திருந்தது. போட்டவர் ஆணா பெண்ணா என்பதைத் தாண்டி வாசனையே இப்படி வேலை செய்தது. வாசனை போட்டவரைக் காட்டியதைவிட, முகர்ந்தவரின் மனசைத்தான் அதிகம் காட்டியிருக்கு.

இதை எழுதத் தூண்டியது இதெல்லாம் இல்லை, என் அத்தை. கோபி பக்கம் கிராமம். மாமா போய்ப் பதினோரு வருஷம். அதற்கு முன் தினமும் மல்லி வாங்கித் தானே கட்டி வைத்துக்கொள்கிறவர். போன வாரம் ஊருக்குப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்தார்.

"என்ன கண்ணு, எளவு வூட்டு மாலையாட்ட அடிக்குது?"

சிரித்துவிட்டேன். பாரிஸில் மயக்குகிறவளின் வாசனை. எங்க ஊரில் பிணத்துக்குப் போடுகிற மாலை. கல்யாண மாலையும் அதே சம்பங்கிதான், ஆனால் அத்தைக்கு ஞாபகம் வந்தது இது. அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து கையை இழுத்தார்.

"இப்ப நல்லாருக்குது. எனக்குக் கொஞ்சம் போட்டு வுடு. பூ வெச்சாத்தான பேசுவாங்க, இது கண்ணுக்குத் தெரியாதுல்ல?"

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்தேன். சாயங்காலம் கோயிலில் பக்கத்தில் நின்ற அம்மா "யாருங்க சம்பங்கி வெச்சிருக்கறது?" என்று சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருத்தர் தலையாகப் பார்த்தவர் அத்தை தலையை மட்டும் பார்க்கவே இல்லை. அங்கே பூ இருக்காதுன்னு அவருக்கு நிச்சயம். அத்தை சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

அத்தை துணிச்சலானவரா? இருக்கலாம், ஆனால் குப்பிக்கு அது தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது பதினோரு வருஷமாக இல்லாத ஒரு வாசம், அவ்வளவுதான். ஃப்ராகா நல்ல வாசனை. ஆரம்பத்து இனிப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் வாங்கலாம். மேலே ஒட்டியிருக்கிற வசனத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முகர்ந்து பாருங்கள். குப்பியில் இன்னும் பாதி இருந்தது. அத்தையிடமே விட்டுவிட்டு வந்தேன்.