ஆற்று நீரை எந்தக் கணக்கில் எழுதுவது?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் அடியில் வெளியாகிறது. நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்றும், இருப்பு இத்தனை டி.எம்.சி. என்றும் வருகிறது. அதே நாளில் டெல்டாவில் பெய்த மழை செ.மீ. கணக்கில் வருகிறது. சென்னையில் குழாய்க்கு வரும் குடிநீரை எம்.எல்.டி.யில், அதாவது நாளொன்றுக்கு எத்தனை மில்லியன் லிட்டர் என்று சொல்கிறார்கள். இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் இயற்றியது 1956இல். எடைக்கல்லும் துணிக்கடை அளவுகோலும் மாறிவிட்டன. ஆறும் வயலும் அடியிலும் ஏக்கரிலும் நின்றுவிட்டன. அதனால் கன அடியைக் கன மீட்டராக்குவதும், கன மீட்டரைத் திரும்பக் கன அடியாக்குவதும் இங்கே அன்றாட வேலை. அந்த வேலை எங்கே பயன் தருகிறது, எங்கே வாசகரை ஏமாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெருக்கல் கணக்கில் எந்தச் சிக்கலும் கிடையாது. ஓர் அடி என்பது 0.3048 மீட்டர் என்று 1959இல் உலக அளவில் உடன்பாடாயிற்று. அதன்படி ஒரு கன அடி 28.3168 லிட்டர். விநாடிக்கு ஒரு கன மீட்டர் என்பது விநாடிக்கு 35.3147 கன அடி. ஆயிரம் மில்லியன் கன அடியான ஒரு டி.எம்.சி. 28.3168 மில்லியன் கன மீட்டர், அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர். இவ்வளவும் கைபேசியிலேயே முடிந்துவிடும்.

கன அடியை உடனே கைவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் சேரும் நீர் 86,400 கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக, ஒரு நாள் ஓடிய ஒரு கன அடி நீர், இரண்டு ஏக்கரில் ஏறத்தாழ ஓரடி உயரத்துக்கு நிற்கும். மதகில் பத்துக் கன அடி போனால் ஒரு நாளில் 120 ஏக்கருக்கு இரண்டங்குலத் தண்ணீர் என்பதைத் தாளும் பேனாவும் இல்லாமலே சொல்லிவிடலாம். நிலத்தை ஏக்கரில் வைத்திருப்பவருக்கும் மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளருக்கும் இதைவிட வசதியான கணக்கு இல்லை. அணையிலும் அப்படித்தான். மேட்டூர் ததும்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு 59 சதுர மைலுக்குச் சற்று மேல். அந்த நிலையில் ஓரடி உயர ஒன்றரை டி.எம்.சி.க்கும் அதிகமான நீர் வேண்டும். விநாடிக்குச் சுமார் 19,000 கன அடி வீதம் ஒரு முழு நாள் வந்து சேர வேண்டும். 1934இல் கட்டி முடித்த நாள் முதல் இந்த அணையின் பதிவேடு அடிக் கணக்கில்தான் தொடர்கிறது. அந்தத் தொடர்ச்சியும் ஒரு சொத்து.

ஆனால் இந்த வசதிக்குக் காரணம் அடி என்ற அளவு அல்ல. நிலம், ஆழம், ஓட்டம் மூன்றும் ஒரே குடும்பத்து அளவுகளாக இருப்பதுதான் காரணம். மெட்ரிக்கிலும் இதே ஒழுங்கு உண்டு: விநாடிக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு நாள் ஓடினால், ஒரு ஹெக்டேரில் 8.64 மில்லிமீட்டர் நீர் நிற்கும். மழையும் மில்லிமீட்டரில்தான் அளக்கப்படுகிறது என்பதால் இரண்டையும் நேராகக் கூட்டலாம். நம் நிலைமை இரண்டும் கெட்டது. வானத்திலிருந்து வரும் நீருக்கு ஓர் அளவு, வாய்க்காலில் வரும் நீருக்கு இன்னோர் அளவு. டெல்டாவில் ஒரு லட்சம் ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால், அது விநாடிக்குச் சுமார் 8,270 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வாய்க்காலில் விட்ட நீருக்குச் சமம். மழை பெய்தால் அணையில் திறப்பைக் குறைக்கலாமா என்ற விவாதம் ஆண்டுதோறும் எழுகிறது. அந்த விவாதத்துக்கு அடிப்படையான இந்த ஒரு கணக்கு பொதுவெளியில் வருவதே இல்லை. இரண்டு எண்களையும் ஒரே அளவில் எழுத யாரும் மெனக்கெடவில்லை என்பதே காரணம்.

இதைவிடப் பெரிய கோளாறு காலத்தை விட்டுவிடுவது. ‘அணையிலிருந்து 10,000 கன அடி நீர் திறப்பு’ என்று தலைப்பு வருகிறது. விநாடிக்கு என்பது போய்விடுகிறது. எத்தனை நாளுக்கு என்பதும் இல்லை. வேகத்தைச் சொல்லும் எண் கொள்ளளவைச் சொல்வதுபோல் நின்றுவிடுகிறது. அதை அப்படியே 283 கன மீட்டர் என்று மாற்றி எழுதினால் அலகு நவீனமாகும்; குழப்பம் அப்படியே இருக்கும். காவிரி வழக்கை வைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தந்த தீர்ப்பின்படி பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. மாதவாரிப் பங்கில் ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி. இது கொள்ளளவு. 2023 ஆகஸ்டு இறுதியில் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு சொன்னதோ விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள். இது வேகம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருள் விளங்கும். 45.95 டி.எம்.சி.யை ஆகஸ்டின் 31 நாளுக்கும் பகிர்ந்தால் விநாடிக்குச் சராசரியாக 17,156 கன அடி வருகிறது. 5,000 கன அடியை 15 நாளுக்குக் கூட்டினால் 6.48 டி.எம்.சி. அது பற்றாக்குறை ஆண்டு. முழுப் பங்கைக் கேட்க முடியாது என்ற வாதம் தனி. ஆனால் பற்றாக்குறை எவ்வளவு, குறைப்பு எவ்வளவு என்று ஒரு குடிமகன் எடைபோட இந்த மாற்றம் அவசியம். காலத்தை வைத்துப் பெருக்கிப் பார்க்கும் இந்தக் கணக்குதான் மக்களுக்கு முதலில் தேவை. அடியா மீட்டரா என்பது அடுத்த கேள்வி.

அடுத்த குறை, மாற்றும்போது முளைக்கும் தசமங்கள். 5,000 கன அடியை 35.3147ஆல் வகுத்தால் 141.58 கன மீட்டர். இப்படி எழுதும்போது, ஆற்றில் ஓடும் நீரை நூறில் ஒரு கன மீட்டர் வரை யாரோ அளந்ததுபோல ஒரு தோற்றம் வருகிறது. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழமும் வேகமும் பார்த்துக் கூட்டிப் பெறும் எண் அது. கவனமாகச் செய்தாலும் சில சதவீதம் ஏறும் இறங்கும். 140 என்று எழுதுவதே நேர்மை. அதற்காக மாறிலியையே முழு எண்ணாக்கிவிடலாம் என்று நினைப்பது வேறு தவறு. டி.எம்.சி.க்கு 28.3168க்குப் பதில் 28 என்று வைத்துப் பெருக்குவோர் உண்டு. 177.25 டி.எம்.சி. 5,019 மில்லியன் கன மீட்டராக இருக்க வேண்டியது 4,963 ஆகிவிடும். காணாமல் போவது ஏறத்தாழ 2 டி.எம்.சி. மேட்டூர் நிரம்பி நிற்கையில் ஓரடிக்கும் மேற்பட்ட நீர் அது. அளவீட்டுப் பிழை ஒருநாள் கூடும், மறுநாள் குறையும். இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். ஆகவே, மாறிலியை முழுதாக வைத்துக்கொண்டு விடையைத்தான் சுருக்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் மாற்றம் தோற்கும் இடமும் உண்டு. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. மீட்டராக்கினால் 36.58. ஆனால் மத்திய நீர் ஆணையத்தின் அணைகள் அறிக்கையில் முழு மட்டம் 240.79 மீட்டர். இரண்டும் சரிதான். 120 அடி அணையின் உள்ளூர்ப் பூச்சியத்திலிருந்து எண்ணியது, 240.79 மீட்டர் கடல் மட்டத்திலிருந்து எண்ணியது, அதாவது 790 அடி. அலகை மட்டும் மாற்றத் தெரிந்தவர் இந்த இரண்டையும் பார்த்துத் திகைத்துத்தான் போவார். கொள்ளளவில் இந்தத் தொல்லை இல்லை: 93.47 டி.எம்.சி.யை மாற்றினால் ஆணையம் தரும் 2.647 பில்லியன் கன மீட்டர் அப்படியே வந்துவிடுகிறது.

பொறியாளர்களுக்கு உரிய கண்ணி இன்னும் ஆழமானது. கலிங்கின் மேல் வழியும் நீரைக் கணக்கிட ஜேம்ஸ் பிரான்சிஸ் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் லோவல் நகரில் அவர் செய்த சோதனைகள் 1855இல் நூலாக வந்தன. கலிங்கின் நீளத்தை, அதன் மேல் நிற்கும் நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்கி, ஒரு கெழுவாலும் பெருக்க வேண்டும். அடியில் அளந்தால் கெழு 3.33, மீட்டரில் அளந்தால் 1.84. அந்த எண்ணுக்குள்ளேயே அலகு ஒளிந்திருக்கிறது. 10 மீட்டர் நீளக் கலிங்கின் மேல் ஒரு மீட்டர் நீர் வழிந்தால் விநாடிக்கு 18.4 கன மீட்டர் போகும். அளவுகோல் பலகையை மீட்டருக்கு மாற்றிவிட்டுப் பழைய 3.33ஐயே வைத்துக்கொண்டால் 33.3 வரும், நூறுக்கு எண்பது கூடுதல். வெள்ளக் காலத்தில் இந்தத் தவறு பொறுக்கத்தக்கதல்ல. கால்வாய்களுக்கான மானிங் சூத்திரத்திலும் மெட்ரிக்கில் 1 நிற்கும் இடத்தில் அடிக் கணக்கில் 1.486 வரும். கடைசி விடையை 35.3ஆல் பெருக்குவதோ வகுப்பதோ போதாது. ஒரு கணக்கை எந்தக் குடும்பத்தில் தொடங்கினோமோ அதிலேயே முடித்துவிட்டு, பிறகு மாற்றுவதுதான் பாதுகாப்பு.

கேலனைப் பற்றி எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை, அதை விட்டொழிக்கலாம். கன அடி எந்த நாட்டிலும் கன அடிதான். கேலன் அப்படியல்ல. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். பழைய நகராட்சிக் குடிநீர்த் திட்டங்களில் வரும் கேலன் பிரிட்டிஷ் கேலன். இன்று வீட்டு ஆர்.ஓ. கருவிக்குள் இருக்கும் சவ்வில் ‘75 ஜி.பி.டி.’ என்று அச்சிட்டிருக்கும் கேலன் அமெரிக்காவினுடையது. நாளொன்றுக்கு 284 லிட்டர், மணிக்கு 12 லிட்டருக்கும் சற்றுக் குறைவு என்று பொருள். பிரிட்டிஷ் கேலன் என்று எண்ணினால் 341 லிட்டர் என்று ஏமாறுவோம். எந்தக் கேலன் என்று சொல்லாத பெயர்ப்பலகையை நம்பி மோட்டாரோ வடிகட்டியோ வாங்கக் கூடாது.

மெட்ரிக்குக்கு மாற்றியே ஆக வேண்டிய இடம் என்று நான் கருதுவது நகரக் குடிநீர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், தேர்வாய்க்கண்டிகை ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. நாள்தோறும் செய்தியில் வரும் இந்த வகை எண்ணை, குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் பெண் என்ன செய்வார்? 28.3168ஆல் பெருக்கினால் சுமார் 3,33,000 மில்லியன் லிட்டர். ஆயிரம் எம்.எல்.டி. வீதம் எடுத்தால் வெறும் கணக்கில் 333 நாள்; ஆவியாவதையும் அடியில் தங்குவதையும் கழிக்க வேண்டும். ‘எத்தனை நாளுக்கு வரும்’ என்ற அவருடைய கேள்விக்குப் பதில் லிட்டர் வழியாகத்தான் கிடைக்கிறது. வீராணம் திட்டத்தின் 180 எம்.எல்.டி.க்கோ எதிர்த்திசை மாற்றம் வேண்டும். விநாடிக்குச் சுமார் 74 கன அடி என்று மாற்றிச் சொன்னால்தான், ஏரியிலிருந்து சென்னைக்குப் போவது எவ்வளவு, தன் வாய்க்காலுக்கு வருவது எவ்வளவு என்று காட்டுமன்னார்கோவில் விவசாயி ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே மாற்ற வேண்டிய திசையும் அமைகிறது.

ஆகவே அன்றாட அணை நிலவரத்தில் அளந்த எண் முதலில் வரட்டும், மாற்றிய எண் ‘சுமார்’ என்ற அடையாளத்தோடு பின்னால் வரட்டும், ஒரு நாள் கூடுதலும் சேரட்டும்: ‘திறப்பு விநாடிக்கு 10,000 கன அடி, சுமார் 280 கன மீட்டர், இதே வீதத்தில் 24 மணி நேரத்தில் 0.86 டி.எம்.சி.; மட்டம் அணைக் கணக்கில் இத்தனை அடி, கடல் மட்டக் கணக்கில் இத்தனை மீட்டர்.’ நாளிதழில் இதற்கு இரண்டு வரி இடம் போதும்.