எழுத்துருவும் பிரதிதான்

பிரதிதான் முக்கியம், எழுத்துரு வெறும் சட்டை என்று நம்ம விமர்சகர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் திரையில் சீன எழுத்து படும் பாடு இந்தப் பேச்சைக் குலைத்துப்போடுகிறது.

பழைய திரைகளின் 16க்கு 16 புள்ளிச் சதுரத்தில், இடைவெளி விட்டால் எட்டுக் கிடைக்கோடுதான் நிற்கும். அதற்கு மேல் போனால் வெட்டினார்கள். இல்லாத கோட்டை வாசகரே போட்டுக்கொண்டார்.

இன்றைய கூர்மையான திரையிலும் சிக்கல் தீரவில்லை. 'எலும்பு' எழுத்துக்குச் சீனத்திலும் ஜப்பானியத்திலும் யூனிகோடு எண் ஒன்றே. உள்ளே இருக்கும் சிறு மூலை சீனாவில் இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். எது தெரியணும் என்பதைப் பெரும்பாலும் எழுத்துருதான் தீர்மானிக்கிறது, எழுதியவர் அல்ல. பெய்ஜிங் வாசகர் முன்னால் ஜப்பானிய வடிவம் வந்தால் பொருள் புரியும், கண் உறுத்தும். அந்த உறுத்தலும் வாசிப்புதானே? அதைப் பிரதிக்கு வெளியே எப்படித் தள்ளுவது?