கப்டனும் பிரபு குலமும்

சி. எஸ். ஃபொரஸ்டரின் ஹோர்ன்புளோவர் நாவல் வரிசை 1937 இல் தொடங்கியது. நெப்போலியன் காலத்துப் பிரித்தானியக் கடற்படையே களம். நாயகன் ஒரு டொக்டரின் மகன், கையில் காசில்லை.

அன்று தரைப்படையில் அதிகாரிப் பதவியைப் பணம் கொடுத்தே வாங்கலாம். கடற்படையில் லெப்டினன்ட் ஆவதற்கு ஆறு வருடச் சேவையும் வாய்மொழிப் பரீட்சையும் வேண்டும். ஆகவே திறமைக்கு அங்கே இடமிருந்தது. என்றாலும் பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாமல் தேங்கிப்போனவர்களும் இருந்தார்கள்.

இந்த வலி ஃபொரஸ்டருக்குத் தெரியும். கப்பலே அஞ்சும் கப்டன், வெலிங்டனின் சகோதரியாகக் கற்பனையில் படைக்கப்பட்ட பார்பரா முன்னால் தன் மலிவான உடுப்பை நினைத்துக் கூசுகிறான். நல்ல சித்திரிப்பு. ஆனால் பின்னால் என்ன நடக்கிறது? அவளையே மணந்து தானும் பிரபுவாகிறான். திறமைக்கும் கடைசியில் பரம்பரையின் முத்திரைதான் வேண்டுமா? என் மனக்குறை இதுதான்.