தேடுபொறிக்குத் தமிழ் இலக்கணம் தெரியுமா?

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. இதைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பும் ஒரு மாணவி, தேடுபொறியில் 'அடையாறு' என்று இடுகிறாள் எனக் கொள்வோம். வருவன என்ன? வாடகை வீடு, உணவு விடுதி, மருத்துவமனை! ஆறு எங்கோ அடியில் கிடக்கிறது.

இந்தக் குப்பையைச் சலிக்கவே தேடுபொறிகளில் சில குறிகள் வைத்திருக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் இட்ட தொடர், எழுத்து மாறாமல் உள்ள பக்கங்களையே கொண்டு வரும். சொல்லின் முன் ஒட்டி இடும் கழித்தல் குறி, அச்சொல் உள்ள பக்கங்களை விலக்கும். 'ஆர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டால் 'இது அல்லது அது' என்று பொருள். 'அல்லது', 'அன்று' என்னும் இவற்றின் கணிதத்தை ஜார்ஜ் பூல் 1854-லேயே நூலாக வெளியிட்டுவிட்டார். 'சைட்' என எழுதி, முக்காற்புள்ளியும் ஒரு தளத்தின் முகவரியும் சேர்த்தால் அத்தளத்துக்குள் மட்டும் தேடலாம்.

கருவி நல்லதே. ஆனால் அது யாருடைய மொழிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை? ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளைத் தனிச் சொற்கள் காட்டுகின்றன. பெயர்ச்சொல் பெரும்பாலும் உருமாறாது. தமிழிலோ 'வெள்ளம்', வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளத்துக்கு என்று மாறுகிறது. ஈற்று 'ம்' மறைந்தே போகிறது. "முடிச்சூர் வெள்ளம்" என்று மேற்கோள் குறிக்குள் தேடினால், 'முடிச்சூரில் வெள்ளத்தால்' என எழுதிய செய்தி அகப்படாது. நமக்கு ஒரே சொல்; குறிக்கு வேறு சொல்.

கழித்தல் குறி இன்னும் அபாயமானது. விளம்பரங்களை விரட்ட 'வீடு' என்பதைக் கழித்தால், 'வீடு மூழ்கியது' என்று எழுதிய செய்தியும் உடன் போகும். 'வீட்டை', 'வீடுகள்' என்று எழுதிய விளம்பரமோ தங்கிவிடக்கூடும்! வெள்ளச் செய்தியில் அரிதாகவே வரும் 'வாடகைக்கு' என்பதைக் கழிப்பதே அறிவுடைமை.

தளத்தைக் குறிக்கும் முறையே நமக்கு மிகுந்த பயன் தருவது. அதற்கு வேற்றுமை உருபுத் தொல்லை இல்லை. சென்னை வெள்ளம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அரசுத் தளங்களுக்குள், பி.டி.எப். கோப்புகளில் மட்டும் தேடினால் இத்தகைய ஆவணங்களை எளிதில் நெருங்கலாம். ஆயினும், படமாக மட்டும் வருடி ஏற்றிய தமிழ்ப் பக்கத்தையும், ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் அச்சிட்ட கோப்பையும் இக்குறிகள் வெளிக்கொணராமல் போகக்கூடும். இக்குறை தேடுபொறியினுடையது அன்று, ஏற்றியவர்களுடையது.

முக்காற்புள்ளி என்றதும் ஒரு தமிழர் நினைவுக்கு வருகிறார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-இல் 'கோலன் பகுப்பு முறை'யை வெளியிட்டார். அக்கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937-இல். ஒரு நூலின் பொருளை இடம், காலம், செயல் முதலிய முகங்களாகப் பிரித்து, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் அவர் இணைத்தார். முதலில் சிந்தனை, பிறகு குறி என்பதே அவர் முறை.

மாணவர்களும் அவ்வாறே செய்யலாம். இடம் எது, காலம் எது, நிகழ்ச்சி எது என்று தாளில் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் 'முடிச்சூர்', 'முடிச்சூரில்' என இரண்டு மூன்று வடிவங்களை 'அல்லது' குறியால் இணைத்துத் தேடுக. ஒன்றும் வரவில்லையெனில், 'செய்தி இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். சொல்லின் உருவை மாற்றிப் பாருங்கள். தேடுபொறி தமிழ் இலக்கணத்தை முழுதும் கற்கும் வரை, நாம் கற்ற வேற்றுமை உருபுகளே நமக்குத் துணை.