சரிவு தரும் சுகம்

கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு நிர்ணயித்த ஸ்ட்ரோக் கணக்கு, 72 உள்ள மைதானத்தில் சரிபாதி, 36 ஸ்ட்ரோக், குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்பரப்பான கிரீன் மேல் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கியது. ஒரு மைதானம் பிடித்துப்போவதும் கசந்துபோவதும் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 18 குழிகளுக்கு 11 கிரீன்களே. ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு குழிகள். அந்த இரண்டின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18. நெற்களம் போல விரிந்த பரப்பு. பந்து தப்பான பக்கம் நின்றுவிட்டால் குழி எங்கோ தொலைவில், நடுவே மேடும் பள்ளமும். நேரே தட்டிப் பயனில்லை. மேட்டின் தோளில் ஏற்றி, வேகம் அடங்கும் இடத்தைக் கணித்து, மீதியைச் சரிவிடம் விட்டுவிட வேண்டும். பந்து தயங்கி, திரும்பி, குழியைப் பார்த்து இறங்கும் அந்தச் சில நொடிகள்! குழி தப்பினாலும் பார்த்த கண்ணுக்கு நஷ்டமில்லை.

இந்த மைதானத்தின் புகழ்பெற்ற வரைபடத்தை 1924-ல் தந்த அலிஸ்டர் மெக்கென்சி மருத்துவம் படித்தவர். பிறகு பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா நேஷனலை வடிவமைத்தார். அங்கே 14-ஆம் குழியில் பெயருக்குக்கூட ஒரு மணற்பள்ளம் கிடையாது. கிரீனின் நெளிவே காவல்.

ஆட்டத்தின் ருசியைக் கெடுப்பது சரிவு அல்ல, வேகம்.

1935-ல் ஓக்மண்டில் நடந்த யு.எஸ். ஓப்பனில் ஜீன் சாரசென் தட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணற்பள்ளத்துக்குள் உருண்டது. பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், வேகத்தை அளக்க ஒரு சாய்பலகை செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டிம்ப்மீட்டர். மிதமிஞ்சிய வேகத்தைக் காட்டிக்கொடுக்கப் பிறந்த கருவி, 'எங்கள் கிரீன் எத்தனை' என்று பெருமை பேசும் அளவுகோலாகிவிட்டது. புல்லை ஒட்ட வெட்டி உலர்த்தினால் சரிவில் பந்தைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. வேகத்துக்காகப் பழைய நெளிவுகளைச் சமப்படுத்துவது சிற்பத்தின் மூக்கைச் சீவுவது போலத்தான்.

2004 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாளில் ஷின்னகாக் ஹில்ஸின் 7-ஆம் கிரீன் அப்படித்தான் காய்ந்து போனது. நடு ஆட்டத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அன்று ஒருவர்கூட பாருக்குக் கீழே முடிக்கவில்லை. அந்தக் கொடுமையிலும் கிரீன் மேல் வெறும் 24 உருட்டல்களில் சுற்றை முடித்துக் கோப்பையை வென்ற ரெடீஃப் கூசனின் கை தனி அதிசயம்.

சரிவு தரும் சுகத்துக்கு ஒரு சாட்சி: 1995 பிரிட்டிஷ் ஓப்பனில் செயின்ட் ஆண்ட்ரூஸின் கடைசிக் கிரீனுக்கு முன்னே உள்ள பள்ளத்தில், 'பாவப் பள்ளத்தாக்கு' என்றே அதற்குப் பெயர், இத்தாலியின் கொஸ்தான்தினோ ரொக்காவின் பந்து போய் நின்றது. முன்னணியில் இருந்த ஜான் டேலியைச் சமன் செய்ய அடுத்த ஸ்ட்ரோக்கே குழிக்குள் போக வேண்டும். தூரம் அறுபது அடிக்கும் மேல். பந்தை உருட்டும் கோலான பட்டரை எடுத்துத் தட்டினார். பந்து பள்ளத்திலிருந்து ஏறி, உருண்டு, உள்ளே விழுந்தது. மனிதர் தரையில் விழுந்து இரு கைகளாலும் புல்லைக் குத்தினார். ஆனால் கூடுதல் ஆட்டத்தில் வென்றது டேலி.