கருப்பொருள் கண்காட்சியும் திருவெண்காட்டுக் காளையும்

சிறிய அருங்காட்சியகங்கள் பிழைக்க வேண்டுமானால் கருப்பொருள் கண்காட்சிகளுக்கு மாறியாக வேண்டும் என்பது இப்போது கருத்தரங்குகளில் வேதவாக்காகிவிட்டது. நூற்றாண்டு வாரியாகச் சிலைகளை நிறுத்தி வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களாம். ‘பெண்மை’, ‘நடனம்’, ‘உடல்’ என்று ஒரு தலைப்பை மாட்டி, விளக்கைக் குறைத்து, சுவருக்கு அடர்நிறம் பூசினால் கூட்டம் வருமாம். வரட்டும், நல்லதுதான். ஆனால் இந்தத் தலைப்புகளை எந்த ஊர்ச் சிலையைக் கொண்டும் நிரப்பிவிடலாம். திருவெண்காட்டு அம்மன் இல்லையென்றால் கஜுராகோ நங்கை; அவளும் இல்லையென்றால் மதுரா யட்சி. யாரும் வித்தியாசம் கேட்கப்போவதில்லை.

தலைப்பிட்டுச் சிலை பார்க்கும் வழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். சென்னை அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்தபின், ஏர்முனையிலும் கடைக்காலிலும் தட்டுப்பட்ட செப்புத் திருமேனிகள் ஆட்சியர் வழியாக எழும்பூரிலிருந்த அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கோபிநாத ராவ் தெய்வ வாரியாகப் பிரித்தார். ழுவோ துப்ரய் போதிகையையும் கூட்டையும் வைத்துக் காலம் கணித்தார். ஆனந்த குமாரசாமியின் நடராசர் கட்டுரை உலகம் சுற்றியது. திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதிய பரவசக் குறிப்புகள் 1921-ல் அச்சேறின. நடராசர் அண்டத்துக்கே பொதுவானார். திருவாலங்காடு அடிக்குறிப்புக்குப் போயிற்று. இன்றைய காப்பாட்சியர்கள் புதுமை என்று கொண்டாடுவதன் வேர் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் குமாரசாமியிலிருந்து நேரே பிற்காலக் கலை வரலாற்றாளர் சிவராமமூர்த்திக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருவர் விடுபட்டுப் போகிறார்கள். ஒருவர் எஃப். எச். கிரேவ்லி. சிலந்திகளை ஆராய்ந்த விலங்கியலாளர்; 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மற்றவர் டி. என். ராமச்சந்திரன். இருவரும் சேர்ந்து 1932-ல் வெளியிட்ட உலோகத் திருமேனிகளின் பட்டியலில் பரவசம் மருந்துக்கும் கிடையாது. தோள்பட்டையில் விழும் அணி, முடிக்குப் பின்னால் உள்ள சக்கரம், இடுப்பு ஆடையின் முடிச்சு என்று பூச்சியின் காலை எண்ணும் பொறுமையோடு போகிறது. வரிசை தெய்வ வாரியானதுதான். ஆனாலும் சிலை எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்பதை அவர்கள் நழுவவிடவில்லை.

ராமச்சந்திரன் அதோடு நிற்கவில்லை. 1954-ல் நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புப் படிமங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூளாமணி விகாரம், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேடுகள், ஏசு சபையார் 1867-ல் இடித்துத் தள்ளிய கோபுரம், 1856 தொடங்கி அந்த மண்ணிலிருந்து வெளிவந்துகொண்டே இருந்த ஏறக்குறைய 350 படிமங்கள், எல்லாம் ஒரே துறைமுகத்தைச் சுற்றிக் கூடுகின்றன. ‘புத்தர்’ என்ற தலைப்பில் நாகப்பட்டினத்துப் படிமம் ஒன்றைக் காந்தாரத்துக்கும் சாரநாத்துக்கும் நடுவில் நிறுத்தினால், பாவம், அது குள்ளமாகத்தான் தெரியும். தன் ஊர்க்கூட்டத்தோடு நின்றால் வணிகரும் பிக்குகளும் கடல்வழியும் தாமாகத் துலங்கும். கண்காட்சியாக அமையாமலே போன மிகச் சிறந்த கண்காட்சி என்று அந்த நூலைச் சொல்வேன்.

பிறகு வந்தது விழாக்காலம். 1981-ல் பிலடெல்பியாவில் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் சிவனின் வெளிப்பாடுகளை மட்டும் வைத்து அமைத்த கண்காட்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தலைப்பை அவர் வாழ்நாள் முழுதும் சிந்தித்தவர். அடுத்த ஆண்டு லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில் இந்திய விழாவின் பகுதியாக மனித உருவத்தை மையமாக்கிய கண்காட்சி. 2002-ல் வாஷிங்டன் சாக்லர் கூடத்திலும், 2006-ல் லண்டன் ராயல் அகாதெமியிலும் சோழச் செப்புத் திருமேனிகள். 2013-ல் பிரஸ்ஸல்ஸிலும் மறு ஆண்டு தில்லியிலும் நமன் அஹூஜாவின் ‘உடல்’. பல மாநிலக் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த நன்மை அதற்கு உண்டு. இவை பெரிய கூடங்கள். அள்ள அள்ளக் குறையாத இரவல் வசதியும், தலைப்பைத் தாங்கிப்பிடிக்கும் பருத்த நூற்பட்டியலும் அவற்றுக்கு உண்டு. நம் மாவட்டத்துச் சிறு கூடம் அதே மொழியைப் பேசக் கிளம்பும்போது மிஞ்சுவது தலைப்பும் அடர்நிறச் சுவரும்தான்.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். அது பிறந்ததே ஓர் ஊரின் பிடிவாதத்தால். கரந்தையில் இருந்த பிரம்மன் சிலையை வெளியூருக்குக் கொண்டுபோக முயன்றபோது ஊரார் மறித்தார்கள். ஆட்சியர் டி. கே. பழனியப்பன் அதை அரண்மனைக்குக் கொண்டுவந்தார். 1951-ல் கலைக்கூடம் உருவாயிற்று. திருவெண்காட்டு மண்ணில் கிடைத்த ரிஷபவாகனரும் தேவியும் இங்கே இருக்கிறார்கள். பாம்பு சுற்றிய தலைப்பாகை போன்ற சடையோடு, காளைமேல் கையூன்றி நிற்கும் சிவன். காளைதான் இல்லை, கை வெறும் காற்றின்மேல் சாய்ந்திருக்கிறது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கவிதை எழுதாத கலை எழுத்தாளர் குறைவு. பீடத்தில் எழுத்து இல்லை. ஆனாலும் 1011-ல் கோலக்காவன் என்பவன் இந்தத் திருமேனியை எழுந்தருள்வித்தான் என்பதும், அடுத்த ஆண்டு தேவி வந்தாள் என்பதும் நமக்குத் தெரியும். எப்படி? திருவெண்காட்டுக் கோயில் சுவர் சொல்கிறது. சோழச் செப்புத் திருமேனிகளின் கால ஆராய்ச்சியே இந்த ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டுதான் முன்னும் பின்னும் நகர்ந்தது. ஊரை விட்டுவிட்டால் காலவரிசைக்கும் வழியில்லை, கருப்பொருளுக்கும் வழியில்லை. இந்த இணையை ‘தெய்வீகக் காதல்’ என்ற தலைப்பின்கீழ் வைப்பவர், அந்தச் சுவரின் ஒரு புகைப்படத்தையாவது பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டாமா?

அதே கூடத்தில் தாராசுரத்துக் கற்சிற்பங்கள். பிட்சாடனர் வருகிறார், ரிஷிபத்தினிகள் மதிமயங்கி நிற்கிறார்கள். இது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பி தானே அமைத்த தொகுதி. ஒருத்தியின் ஆடை நழுவுவது அடுத்த உருவத்தைப் பார்த்தால்தான் பொருள்படும். ‘பெண்’ என்ற தலைப்புக்காக அவளை மட்டும் பிரித்தெடுத்து நிறுத்தினால் கதையும் போயிற்று, கிண்டலும் போயிற்று. மிச்சம் ஓர் இடுப்பு வளைவு. கருப்பொருள் நமக்குப் புதிதென்று நினைப்பவர்கள் தாராசுரத்துக்கே ஒருமுறை போய்வரலாம். விமானத்தின் கீழ்ப்புறம் நாயன்மார் கதைகள் சிறு சிறு காட்சிகளாக, தமிழில் பெயர் வெட்டப்பட்டு, வரிசையாக ஓடுகின்றன. விளக்கப் பலகையோடு கூடிய கருப்பொருள் காட்சி இரண்டாம் ராஜராஜன் காலத்திலேயே நடந்தாயிற்று. அங்கே தலைப்பு சிலைகளுக்குள்ளிருந்து வந்தது.

ஊர்ப்பெயரை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது ரசனைப் பிழையோடு முடிவதும் இல்லை. ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ‘சோழர் கலை, தமிழ்நாடு’ என்ற பொதுப்பெயரே அதற்குப் போதுமான முகவரியாக இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த புகைப்படங்கள் இல்லையென்றால், 2014-ல் அவர் திரும்பி வந்திருக்க முடியாது. விருத்தாசலத்து அர்த்தநாரியும் அதே ஆண்டில் அதே வழியில்தான் வந்தார்.

எனவே சிறு அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சி வேண்டாமென்று சொல்லவில்லை. தலைப்பு ஊராக இருக்கட்டும் என்கிறேன். ஒரு பருவத்துக்கு ஓர் ஊர்: கிடைத்த திருமேனிகள், கோயில் கல்வெட்டின் மைப்படி, எந்த வாய்க்கால் பாய்ந்தது, எந்தக் குடி நிவந்தம் கொடுத்தது, உற்சவத்தில் எந்தத் தெரு வழியாகச் சாமி போனது. இதற்குப் பெருஞ்செலவு கிடையாது. படித்த காப்பாட்சியர் ஒருவரும், உள்ளூர் தெரிந்த முதியவர் சிலரும் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் ‘சக்தி’ என்பது போன்ற தலைப்பைவிட, தாங்கள் பேருந்தில் கடந்துபோகும் ஊரின் பெயர்தான் சுவாரசியமானது.

திருவெண்காட்டிலிருந்தே தொடங்கலாம். ரிஷபவாகனரும் தேவியும் தஞ்சையில் தயாராக இருக்கிறார்கள், திருமால் தாரைவார்த்துக் கொடுக்கும் கல்யாணசுந்தரர் கூட்டமும் இருக்கிறது, கண்ணப்பர் இருக்கிறார். அதே ஊரின் அர்த்தநாரி எழும்பூரில் கண்ணாடிக்குள் நிற்கிறார். மூன்று மாத இரவலுக்கு அவரைத் தஞ்சைக்கு அனுப்ப ஓர் அரசாணை போதும். லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சிலைகளைப் பெட்டி கட்டி அனுப்பத் தெரிந்த நமக்கு, முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஒரு தூரமா?