தமிழ்த் தலைப்பை வெட்டும் வேர்ட்பிரஸ்

வாடகை சர்வரில் சொந்தமாக வலைப்பதிவு நடத்த விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளையே. 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது, விலையில்லை, உள்ளே எழுதியிருப்பதை எவரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இத்தனை நல்ல கருவி தமிழை எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம்.

எங்கள் கேத்தியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். அதுபற்றி எழுதும் ஒருவர் 'கேத்தி பள்ளத்தாக்கில் உறைபனி' எனத் தலைப்பிடுகிறார் என்க. அத்தலைப்பிலிருந்து மென்பொருள் தானே முகவரி அமைக்கும். ஆனால் அமைந்த முகவரியோ 'கேத்தி-பள்ளத்தாக்கில்-உற' என்று நிற்கிறது! மீதி எங்கே போயிற்று?

கணக்குப் போட்டால் விளங்கும். யூனிகோடு முறையில் 'கே' என்பது இரண்டு குறி: 'க' ஒன்று, ஏகாரக் குறி ஒன்று. மெய்யின் புள்ளியும் தனிக் குறியே. யூடிஎஃப்-8 முறைப்படி ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 இடம் பிடிப்பதால், ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ மொத்தம் 200 இடம். 'கேத்தி' 6 குறி, 54 இடம். 'பள்ளத்தாக்கில்' 14 குறி, 126 இடம். சிறுகோடு இரண்டையும் சேர்த்தால் 182. மிஞ்சிய 18 இடத்தில் 'உ', 'ற' இரண்டும் அமர்ந்துகொள்ள, ஐகாரக் குறி வாசலிலேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்துக்கு 200 எழுத்து. நமக்கு 22 குறி!

இதற்கு யூடிஎஃப்-8 முறையை நான் குறை கூறமாட்டேன். எல்லா மொழி எழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்க வழிசெய்தது அதுதான். கட்டுரையையும் தலைப்பையும் தமிழாகவே வைத்திருக்கும் தரவுத்தளத்தில், முகவரியை மட்டும் சதவீதக் குறிகளாக மாற்றி அடைப்பதுதான் குறை. அது திருந்தும்வரை, வெளியிடுமுன் முகவரிப் பெட்டியில் 'கேத்தி-உறைபனி' என நாமே சுருக்கித் தரவேண்டும். 109 இடத்தில் அடங்கிவிடும்.

முகவரி வெட்டுப்பட்டாலும் கட்டுரை பிழைத்திருக்கும். சர்வர் மாற்றும்போதுதான் கட்டுரைக்கே ஆபத்து. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் வேறு சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்து முறையையே கொண்டது. பழைய பதிவுகளைப் புதிய இடத்தில் திறந்தால், தலையில் சாய்கோடு தாங்கிய ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாகப் பக்கம் நிறைந்திருக்கலாம். அஞ்சவேண்டாம். தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே; அதை லத்தீனாகப் படித்தால் அந்த 'ஏ' தோன்றும். பெரும்பாலும் பைட்டுகள் பத்திரமாகவே இருக்கும். படிக்கும் முறைதான் தவறு. அந்நிலையில் எதையும் திருத்திச் சேமிக்காமல், அமைப்புக் கோப்பில் எழுத்து முறையைச் சரிசெய்து பார்க்கவேண்டும். ஆனால் தரவுத்தளத்திலேயே வரிவரியாகக் கேள்விக்குறிகள் பதிந்திருந்தால், எழுத்துகள் அழிந்துவிட்டன என்று பொருள். எந்த அமைப்பை மாற்றினாலும் அவை மீளா. பழைய நகலைத்தான் தேடவேண்டும்.